காதைக் கட்டிய பிறகு சொன்னது

1

இந்தக் கதை நாலு வரியில் முடிந்திருக்க வேண்டியது.

ஜெபமலர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். "அக்கா, புக்கிங் பேஜ்ல போடதுக்குத் தமிழ்ல நாலு வரி எழுதித் தாருங்க. இங்கிலீஷ்ல எனக்க மக எழுதிட்டா. நாரோயில், திருநவேலிக்காரங்களும் வரட்டும்லா."

வித்துராவைத் தாண்டி, பொன்முடிக்கு ஏறும் பாதையிலிருந்து சற்று உள்ளே, அவளும் அவள் கணவர் சத்தியதாசும் தங்கள் சொந்த நிலத்தில் இரண்டு கூடாரங்கள் போட்டிருக்கிறார்கள். கிளாம்பிங் என்று அதற்குப் பெயர். கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை. பின்பக்கம் வெந்நீர் வரும் குளியலறை. வாசலில் இரண்டு சாய்வு நாற்காலிகள். காட்டில் இருப்பது போலவும் இருக்க வேண்டும், முதுகு வலிக்கவும் கூடாது என்று நினைப்பவர்களுக்கான ஏற்பாடு. (நானும் அப்படி நினைப்பவள்தான்.)

எழுத உட்கார்ந்தேன். 'ரப்பர் மரங்களுக்கு நடுவே, கூடாரத்தின் மேல் விழும் மழையின் சத்தத்தில்' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டேன். மழையின் சத்தம் என்று எழுதியதும் அந்தக் கூடாரத்தின் மேல் நான் கேட்ட இன்னொரு சத்தம் நினைவுக்கு வந்தது. மழை போலவே விழுந்தது, மழை இல்லை. அதைப் புக்கிங் பக்கத்தில் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

2

ஜெபமலரை எனக்கு, நான் குடியிருக்கும் மலையாள நகரத்தின் சாலை பஜாரில் தெரியும். ரவிக்கைக்கு லைனிங் எடுக்க நான் வழக்கமாகப் போகும் ஜவுளிக்கடையில் நிறம் பார்த்துக் கொடுப்பவள் அவள்தான். சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். "இதுக்கு அந்தப் பச்சை ஒக்காது அக்கா. கடைக்குள்ள சிரிக்கும், வீட்டுக்குப் போனா முழிக்கும்" என்பாள். குலசேகரம் பக்கத்து ஊர்க்காரி. பஜாருக்குப் பக்கத்தில் மணக்காட்டில் வாடகை வீடு. ஒரே மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். கணவர் துபாயில்.

'கணவர் துபாயில்' என்பது அவளுடைய அடையாளங்களில் ஒன்றாகவே ஆகியிருந்தது, மூக்குத்தி போல. சென்ற வருடம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார்.

(தொடக்கம் ஒன்று.) பதினெட்டு வருடம் பாலைவனத்தில் கூடாரம் அடித்தவர் சத்தியதாஸ், ஆனால்—

அந்த 'ஆனால்' எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதரை அறிமுகம் செய்யும் வாக்கியத்திலேயே அவர் தலையில் ஓர் ஆனாலை ஏற்றி வைக்கக்கூடாது.

(தொடக்கம் இரண்டு.) திரும்பி வந்த கணவனோடு ஒரே வீட்டில் இருப்பது ஜெபமலருக்கு—

இதையும் விட்டுவிட்டேன். இப்படி எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் சொன்னது, துணியைக் கத்தரித்தபடியே, தலை தூக்காமல்: "அவிய வந்தாச்சு அக்கா. வீட்டுல ஒரு ஆளு கூடியிருக்கு."

ஆள் கூடியிருக்கிறது என்று நாம் விருந்தினரைத்தான் சொல்வோம்.

அந்த விருந்தினர் மணக்காட்டு வீட்டின் முன்னறையில் மூன்று வாரம் படுத்திருந்தார். பிறகு, நிலத்தில் வேலை இருக்கிறது என்று வித்துராவுக்குப் போனார். அங்கே ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்த முன்பு யாரோ கட்டிய ஒரு சிறு கட்டடம் இருந்தது. அதில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தும் அவர் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபமலர் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள், சாயங்காலம் திரும்பிவிடுவாள். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட ஒருவரை ஒருவர் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவர் கேட்டார்: "நீ இஞ்ச வந்திரேன், ஜெபா."

"மழை வரட்டும். பாப்போம்."

கடை முதலாளி யூசுப்பும் கேட்கத் தொடங்கியிருந்தார். "ஓணத்துக்கு நீ உண்டா, இல்லியா? இல்லைன்னா நான் வேற ஆளு நோக்கணும்."

ஆக, இந்தக் கதையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சாலைக் கடையையும் மணக்காட்டு வீட்டையும் விட்டு, சத்தியதாசோடு வாழ ஜெபமலர் வித்துராவுக்குப் போவாளா, மாட்டாளா? நடுவில் எழுந்து போகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

3

சத்தியதாஸ் வேலை பார்த்தது சுற்றுலாப் பயணிகளைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனத்தில். மணலில் கூடாரம் போடுவது, கம்பளம் விரிப்பது, விளக்கு கட்டுவது, பிரிப்பது. எங்கள் ஊர்களில் கிளாம்பிங் என்ற சொல் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவர் கை அதைச் செய்துகொண்டிருந்தது.

"அங்க வெள்ளக்கார சாயிப்பு வெறும் மணலப் பாக்கதுக்கு அவ்வளவு கொடுக்கான் மேடம்" என்றார், நிலத்தை எனக்குச் சுற்றிக் காட்டும்போது. "இஞ்ச மழை, மரம், ஓடை, எல்லாம் சும்மா கெடக்கு. நம்ம ஆளுக்கு அதுக்க வெல தெரியாது."

நிலம் சிறியதுதான். நடுவிலிருந்த வயதான ரப்பர் மரங்களை வெட்டி, அந்தப் பலகையிலேயே மேடை போட்டு, மேடையின்மேல் கூடாரம். சுற்றிலும் மற்றவர்களுடைய ரப்பர் தோட்டங்கள். கீழே ஒரு மூலையில் ஓடை.

எல்லாவற்றையும் அவர் மணலில் கற்றபடியே செய்திருந்தார். முளை அடித்தால் அரை அடியில் பிடித்துக்கொள்ளும் மண்ணில், மணல் மூட்டைகளில் கயிறு கட்டியிருந்தார். வாசலை மழைக்கு முதுகு காட்டி வைக்காமல், இங்கே வீசாத ஒரு வடக்குக் காற்றுக்கு முதுகு காட்டி வைத்திருந்தார். தரை முழுக்கக் கம்பளம். அது இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. "வெயில்ல கொண்டு போட ஒரு ஆளு, மழை வந்தா ஓடிப் போயி எடுக்க ஒரு ஆளு. கம்பளத்துக்கே ரெண்டு பேரு வேணும்" என்று ஜெபமலர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் கம்பளம் இல்லை.

ஆனால் விளக்குகளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மரத்துக்கு மரம், கயிற்றுக்குக் கயிறு, சின்னச் சின்ன மஞ்சள் பல்புகளின் சரங்கள். "தூரத்துல வரும்போதே வெளிச்சம் தெரியணும் மேடம். சுத்தி ஒண்ணுமே இல்லாத எடத்துல ஒரு வெளிச்சத்தக் கண்டா வாறவனுக்கு மனசு எளகிப் போகும். அங்க எல்லாம் அப்பிடித்தான்."

* அவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். ஜெபமலர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேனா, எழுதும்போது சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

4

முதல் விருந்தினர் வரும் சனிக்கிழமைக்கு ஜெபமலர் என்னையும் அழைத்தாள். "மொத மொத ஆளு வருது அக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க வந்து சும்மா இருந்தாப் போதும். அந்த ரெண்டாவது கூடாரத்துல நாம ரெண்டு பேரும் படுத்துக்கலாம்."

நான் போனேன். சித்திரை விஷு முடிந்த வாரம். காற்றே இல்லை.

விருந்தினர் நவநீத், மீரா. நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐடி வேலை. திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருவரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். தங்களுக்குள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள், மீரா தன் அம்மாவிடம் மட்டும் போனில், "ஆமா, டென்ட்தான். இல்லம்மா, பாத்ரூம் இருக்கு. சத்தியமா இருக்கு" என்று தமிழில் சொன்னாள்.

மூன்று மணிக்கு மேல் மேகம் கூடியது. கோடையின் முதல் மழை. மீரா நாற்காலியை மழைக்குள் தள்ளி அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். சத்தியதாஸ் சமையலறைத் தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அந்த மழையைத் தானே ஏற்பாடு செய்தவர் போல நின்றார். மழை விட்டதும் மண் மணத்தது. ரப்பர் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சம் மங்கியதும் அவர் போய்ச் சுவிட்சைப் போட்டார்.

நிலம் முழுக்க மஞ்சள் பூத்தது. "ஐயோ, எந்து ரசம்!" என்று மலையாளத்தில் அந்த அழகை வியந்தாள் மீரா.

(இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் புக்கிங் பக்கத்துக்கான நாலு வரி கிடைத்திருக்கும்.)

5

முதலில் நான் மழை என்றே நினைத்தேன். கூடாரத் துணியின் மேல் பொடிப்பொடியாக விழுந்தது. கையை வெளியே நீட்டினேன். ஈரமில்லை. உள்ளங்கையில் மிளகு போல ஒன்று உட்கார்ந்திருந்தது, பிறகு நடந்தது.

அது ரப்பர் வண்டு. முப்ளி வண்டு என்று மலையாளப் பத்திரிகைகள் எழுதும். ரப்பர் சருகில் வளர்ந்து, கோடையின் முதல் மழை விழுந்த அந்தியில் ஆயிரக்கணக்கில் கிளம்பி, வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு வரும். ரப்பர் தோட்டத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அன்று விளக்கே போடமாட்டார்கள். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்க, எங்கள் நிலம் மட்டும் கல்யாண வீடு போல எரிந்துகொண்டிருந்தது.

பல்புச் சரங்கள் கறுத்தன. கட்டில், மெத்தை, தண்ணீர்ப் பாத்திரம், சட்டைக் காலர், எங்கும் வண்டு. "எடா, நோக்கு, முடிக்குள்ள போயாச்சு!" என்று மீரா அலறினாள். நவநீத் அவள் தலையைத் தட்டினான். தட்டியதில் ஒன்று நசுங்கி அவள் கழுத்தில் எரிந்தது. "துபாயில இப்பிடி ஒருநாளும்—" என்று சத்தியதாஸ் தொடங்கினார்.

"துபாயில ரப்பர் நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து ஓடிவந்த ஜெபமலர் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

இருட்டு. அதில் அவள் குரல் மட்டும். "ஆரும் லைட்டு போடப்பிடாது. போனையும் எடுக்கப்பிடாது. நசுக்காதீங்க, நசுக்கினா பொள்ளும். சும்மா தட்டி விடுங்க. மக்ளே, இங்கோட்டு வா, எனக்க பக்கத்துல இரி." பிறகு, கணவரிடம்: "இஞ்ச பாருங்க. கேட்டியளா?"

"என்னது?"

"அந்த எமர்ஜென்சி லைட்ட எடுத்துக்கிட்டுக் கீழ மூலைக்குப் போங்க. ஒரு பேசின்ல சோப்புத் தண்ணி கலக்கிக் காலுக்குக் கீழ வச்சுக்கிடுங்க. லைட்டத் தூக்கிப் பிடிங்க. எல்லாம் அங்கோட்டு வரும், தண்ணியில விழும்."

அவர் போனார். ஒரு வெள்ளை வெளிச்சம் மரங்களுக்கிடையே இறங்கிப் போவதையும் அதன் பின்னால் காற்றே கறுப்பாகத் திரண்டு போவதையும் பார்த்தோம்.

"இன்னும் அங்கோட்டு!" என்று கத்தினாள்.

"இதுக்கு அப்புறம் ஓடைதான் பிள்ளே!"

"ஓடையில எறங்கி நில்லுங்க! தண்ணி முழங்காலுக்குத்தான்!"

"அப்பம் பேசினை எங்க வைக்க?"

"பேசின் எதுக்கு, ஓடை இருக்குல்லா!"

இருட்டில் மீரா முதல்முறையாகச் சிரித்தாள்.

* ஏன் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? ஒரு கிளையில் விளக்கைத் தொங்கவிட்டிருக்கலாமே? இதை நான் பிற்பாடு ஜெபமலரிடம் கேட்டேன். "ஆமா, தொங்கவிட்டிருக்கலாம்" என்றாள்.

அந்த நிலம் முழுவதிலும் அப்போது ஒளியில் இருந்தது ஒருவர் மட்டும்தான். லுங்கியை மடித்துக் கட்டி, ஓடையில் நின்று, வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி சத்தியதாஸ். பதினெட்டு வருடத்தில், லீவு நாட்கள் போக, ஜெபமலர் அவரைப் பார்த்தது போன் திரையில்தான்: தாடைக்குக் கீழே வெட்டுப்பட்டு, கூரை விசிறி பின்னால் சுற்ற. திரும்பி வந்த பிறகோ, இருவரும் ஒருவரையொருவர் சோற்றுத் தட்டுக்கு மேலாகப் பார்த்ததோடு சரி. இப்போது அவள் இருட்டில் இருக்கிறாள். அவர் முழு உருவமாக வெளிச்சத்தில் நிற்கிறார். தான் பார்க்கப்படுவது அவருக்குத் தெரியாது.

அவர் தோளை உயர்த்தி உயர்த்தி எதையோ துடைத்தார். "காதுக்குள்ள போகுது போல" என்றாள் ஜெபமலர். கொடியில் கிடந்த தோர்த்துத் துண்டை உருவிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினாள். டார்ச் இல்லாமல், அந்த வழுக்கும் சரிவில்.

வெளிச்சத்துக்குள் அவள் வந்ததைப் பார்த்தோம். அவர் குனிந்தார். அவள் தோர்த்தை அவர் தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் திரும்பவில்லை. அவர் முன்னால் தண்ணீரில் நின்றாள். ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். சின்ன விஷயமாக இருக்க முடியாது.

6

இங்கேதான் எழுத்து நின்றது. அவள் என்ன சொன்னாள்?

"நான் இஞ்சயே வந்திருதேன்" என்றாள் ஜெபமலர்.

(இல்லை. வண்டு மொய்க்க நிற்கிறவரிடம் இதைச் சொல்கிற பெண்ணை எனக்குத் தெரியாது.)

"அங்கயும் இப்பிடித்தான் நின்னியளா, இத்தனை வருசம், தனியா?"

(இது என்னுடைய கேள்வி. அவள் வாயில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.)

"லுங்கிய இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க, நனையுது."

(இதை நம்பலாம். ஆனால் இதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.)

மறுநாள் காலை, ஓடைக்கரையில் செத்த வண்டுகளை வாரிக்கொண்டிருந்த சத்தியதாசிடம் நான் வெட்கமில்லாமல் கேட்டேன். "நேத்து ஜெபமலர் என்னவோ சொன்னாளே?"

"ஒண்ணும் கேக்கல மேடம்" என்றார். "காதக் கட்டிப் போட்டாள்லா." தோர்த்து இன்னும் அவர் கழுத்தில் கிடந்தது.

நவநீத்தும் மீராவும் புட்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். புக்கிங் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு, 'வண்டு உண்டு. லைட் இல்லை. ஓனர் சேச்சியின் கடலைக்கறி சூப்பர்' என்று எழுதியிருந்தார்கள்.

7

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு சாலைக் கடைக்குப் போனேன். மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம். துணி உருளைகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமலருக்கு வாசித்தேன். என் வரைவில் ஓர் இடம் இப்படி இருந்தது: 'ரப்பர் காட்டில் பிறந்து வளர்ந்த அவளுக்கு, முதல் மழைக்கு வண்டு வரும் என்று தெரியும். விளக்குகளைக் கண்டபோதே தெரியும். அவர் கேட்கவில்லை, அதனால் அவள் சொல்லவில்லை.'

வாசிக்கும்போது எனக்கே உறுத்தியது. முதல் விருந்தினரைப் பாழாக்கும் அளவுக்கு ஒரு மௌனத்தை அவள் வைத்திருப்பாளா? அந்தக் கோபத்தை நான்தான் அவளுக்குத் தைத்துப் போட்டேனா?

"அப்பிடி இல்ல அக்கா" என்றாள். "எனக்கு மறந்தே போச்சு. கல்யாணமாயி வந்ததுலேந்து இந்த ட்யூப் லைட்டுக்குக் கீழதான நிக்கேன்? வண்டு எங்க ஞாபகம் வரும்? கூடாரத்துல அந்தச் சத்தம் கேட்டப்பந்தான் சின்னப்பிள்ளையில கேட்டது மண்டையில வந்துது."

"அப்போ இதை அடிச்சிடறேன்."

அவள் யோசித்தாள். ஒரு மீட்டர் துணியை அளந்து மடித்து வைத்தாள். "அடிக்காண்டாம். தெரிஞ்சே சொல்லல்லன்னே இருக்கட்டும். சொந்த ஊரு வண்ட மறந்துட்டான்னு எழுதினா, அதுலாக்கும் எனக்குக் கொறச்சல்."

ஆகவே அந்த வரியை அடிக்கவில்லை. அது உண்மை இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு ஓடைக் காட்சியை வாசித்தேன். நான் எழுதி எழுதி விட்ட மூன்று வசனங்களையும் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நெஜமா என்ன சொன்னே?"

"சொன்னேன், ஏதோ சொன்னேன்."

"அவருக்கு ஒண்ணும் கேட்கலையாமே."

"கேக்கப்பிடாதுன்னுதான அக்கா" என்றாள் ஜெபமலர். கண் என்மேல் இல்லை. ரவிக்கைத் துணிகளின் அடுக்கின்மேல் இருந்தது. "காதக் கட்டின பெறவுதான சொன்னேன்."

8

என் கணவர் பஞ்சாபகேசன் நான் எழுதும் எதையும் வாசிக்கமாட்டார். இதை வாசித்தார், ஏனென்றால் இரண்டு நாள் எனக்குப் பேச்சில்லை.

"இந்தப் பொண்ணு உன்னை எதுக்குக் கூப்பிட்டான்னு தெரியறதோ நோக்கு?"

"துணைக்கு."

"என்ன துணை? இருக்கறது ரெண்டு கூடாரம். ஒண்ணு வந்தவாளுக்கு. இன்னொண்ணுல நீயும் அவளும். நீ போகலேன்னா ராத்திரி அவ எங்க படுத்துண்டிருப்பள்?"

அந்த மாலை முழுக்க அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் என்று எண்ணியிருந்தேன். அவர்களுக்கு நடுவே எழுப்பப்பட்ட சுவர் நான். ஜெபமலர் என்னைப் பிரியமாகத்தான் அழைத்தாள், அதில் சந்தேகமில்லை. சுவரையும் பிரியமாகக் கட்டலாம்.

"அதுக்கென்ன, அவளுக்குப் பயமா இருந்திருக்கு" என்றேன். "நீங்க அதைப் புரிஞ்சுக்கணும்."

"நான் புரிஞ்சுண்டேன். நீதான் அவாளை எப்படியாவது சேத்து வெக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறே. நீ என்ன கல்யாணத் தரகரா?"

அது சுருக்கென்று தைத்தது. நானும் இவரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில், எத்தனையோ வருடமாகப் படுக்கிறோம். ஒருவர் காதைக் கட்டிவிட்டுச் சொல்ல வேண்டியதாக எனக்குள் என்ன இருக்கிறது? இருந்ததா, தீர்ந்துபோனதா, எப்போதுமே இல்லையா? ஜெபமலர்மேல் எனக்கு ஒரு சின்னப் பொறாமை இருப்பதை அப்போதுதான் கண்டேன். அது வந்த வழியே போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாபகேசன் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் குளியலறையிலிருந்து தோர்த்தை எடுத்து வந்தார். தலையைச் சுற்றிக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பல் வலிக்காரர் மாதிரி இருந்தார்.

"சொல்லு" என்றார்.

சிரிப்பு வந்தது. சொல்ல ஒன்றும் கிடைக்காமல், மிகவும் மெதுவாக, உதடு பிரியாமல், "காபி ஆறிண்டிருக்கு" என்றேன்.

"அதான் கேட்டுதே" என்றார். காபியை எடுத்துக் குடித்தார்.

9

தோர்த்து சன்னமான துணி. நான்கு சுற்று சுற்றினாலும் வண்டு போகாது, சொல் போகும்.

இதை நான் ஜெபமலரிடம் சொல்லவில்லை. சத்தியதாஸ் கேட்டிருக்கிறார்; கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்கிறார். (ஓடைச் சத்தமும் வண்டுச் சத்தமும் இருந்தன. ஒருவேளை உண்மையிலேயே கேட்டிருக்காது.) கேட்டிருந்தால், அந்தப் பொய்தான் பாலைவனத்திலிருந்து அவர் கொண்டுவந்ததிலேயே இந்த மண்ணுக்குப் பொருந்திய ஒரே பொருள்.

இனி முடிவுகள். எனக்கு மூன்று தோன்றின.

முதல் முடிவு: அவர் பல்புச் சரங்களை இறக்குகிறார். அவளிடம், "எந்த மாசம் வரை போடாண்டாம்?" என்று கேட்கிறார். திரும்பி வந்த பிறகு அவர் அவளிடம் கேட்கும் முதல் யோசனை அது. அவள் போகிறாள். (சரங்களை அவர் இறக்கியது நிஜம். கேட்டாரா என்று தெரியாது.)

இரண்டாம் முடிவு: அவள் சாலைக் கடையிலேயே இருக்கிறாள். ஞாயிறுதோறும் பஸ். அதையும் ஒரு தாம்பத்தியம் என்று சொல்ல எனக்குத் துணிவு வேண்டும். எழுதிப் பார்த்தேன், அவ்வளவு மோசமாக இல்லை.

மூன்றாம் முடிவு: அவள் வித்துராவுக்குப் போகிறாள், ஆனால் அவரோடு வாழ அல்ல, தொழிலை நடத்த. காலையில் இருவரும் விருந்தினருக்குப் புட்டு அவிக்கிறார்கள். இரவில் புகைக்கட்டடத்தில் அவர், கூடாரத்தில் அவள். நடுவில் பத்தடித் தரை. ஒருநாள்—

இந்த 'ஒருநாள்' எழுதியவுடன் பேனாவை வைத்துவிட்டேன். பஞ்சாபகேசன் சொன்னதுதான் சரி. எனக்கு அவசரம்.

10

ஜூன் இரண்டாவது வாரம் ஒரு கூடாரம் வேண்டும் என்று புக்கிங் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது கூடாரம் அந்தப் புக்கிங் பக்கத்திலேயே இல்லை. பெங்களூரிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமலரின் மகளுக்குப் போன் செய்தேன். "அத எடுத்துடச் சொன்னாங்க ஆன்ட்டி. ஏன்னு கேட்டேன். கொடுக்கதுக்கு இல்லன்னாங்க."

"யாரு சொன்னா? அம்மாவா, அப்பாவா?"

"ஒரே போன்ல ரெண்டு பேரும் பேசினாங்க. ஆரு சொன்னாங்கன்னு கவனிக்கல்ல."

சாலைக்குப் போனேன். ஜெபமலர் இல்லை. "லீவு" என்றார் யூசுப். "ஓணத்துக்கு வருவேன்னும் சொல்லியிருக்கு. வரமாட்டேன்னும் சொல்லியிருக்கு. நான் எதைப் பிடிக்கட்டும்?"

அதனால் ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வித்துராவில் இறங்கியபோதே நல்ல மழை. மேலே ஏறிப் போனால், முதல் கூடாரத்தின் வாசலில் யாரோ விருந்தினரின் செருப்புகள். புகைக்கட்டடம் பூட்டியிருந்தது. சமையலறை திறந்து கிடந்தது. அடுப்பில் எதுவும் இல்லை. இரண்டாவது கூடாரத்தின் வாசல் உள்ளிருந்து மூடப்பட்டிருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். உள்ளே பேச்சுக் குரல் இருந்தது. மழையில் அது ஒரு குரலா, இரண்டா என்று பிரிக்க முடியவில்லை. தனியாக இருக்கிறவர்களும் போனில் பேசுவார்கள்.

கூடாரத்துக்குக் கதவு கிடையாது. தட்ட முடியாது. துணியைத் தட்டினால் மழையோடு மழையாகப் போய்விடும். வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் வேண்டும். யார் பெயரை? ஜெபமலர் என்று கூப்பிட்டால் அவள் தனியாக இருக்கிறாள் என்று நான் தீர்மானித்துவிட்டதாக ஆகும். சத்தியதாஸ் என்று கூப்பிட்டால் அவளைச் சாலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக ஆகும். இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கூப்பிடலாம். அதற்குத்தான் நான் எத்தனை ஆசைப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

கூப்பிடவில்லை. கீழே இறங்கி நடந்தேன். பஸ் வர நேரமானது.

நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போனால், மழைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டிவரும். சற்று நேரம் நில்லுங்கள். பிறகு கூப்பிடுங்கள். உங்கள் வாயில் முதலில் எந்தப் பெயர் வருகிறதோ, அதைச் சொல்லி.